பழைய பிக்கப் டிரக்கின் வி-8: வலுவேற்றுவதும் கோளாறு பிடிப்பதும்

என்னிடம் இருப்பது 1969ஆம் ஆண்டு செவ்ரோலே சி-10. பதினாறு ஆண்டுகளாக அதனோடு மல்லுக்கட்டுகிறேன். அதன் 350 கன அங்குல வி-8 இன்ஜினை இதுவரை இரண்டு முறை முழுதாகப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். முதல் முறை ஆசைக்காக. இரண்டாவது முறை என் அவசரத்துக்குக் கிடைத்த கூலி.

அச்சு இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். அங்கே ஒரு வழக்கம் உண்டு: எந்தத் திருகைத் தொட்டாலும் தொடுவதற்கு முன் அது எங்கே நின்றது என்று எழுதி வைக்க வேண்டும். டிரக்குக்கும் அப்படி ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். பாதிப் பக்கங்களில் எழுத்தைவிட கிரீஸ் அதிகம். கீழே சொல்வதெல்லாம் அந்த நோட்டிலிருந்து வந்தவைதான். நான் அறிந்தது செவ்ரோலேயின் சிறிய வி-8 என்பதால் எண்கள் அதற்கானவை. ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கு எங்கே வேறுபடும் என்பதை இடையில் சொல்கிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்று. 1970 வரை வந்த இந்த டிரக்குகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். முன்சக்கர டிஸ்க் 1971இல்தான் வழக்கமானது. பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கும். ஆகவே குதிரைத்திறனுக்குச் செலவிடும் முன் பிரேக்கையும் பெட்ரோல் ஹோஸ்களையும் புதுப்பித்துவிடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்தக் கால ரப்பரை ஊறவைத்து வெடிக்கச் செய்யும். தீயணைப்பான் ஒன்று கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கையில் இருப்பது என்ன?

வலுவேற்றுவதற்கு முன் இன்ஜின் நலமாக இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த இன்ஜினில் புது கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் மேடுகள் கொண்ட தண்டு) போடுவது இற்றுப்போன சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல.

கம்ப்ரெஷன் சோதனைக்கு எட்டு பிளக்குகளையும் கழற்றுங்கள், இக்னிஷனைத் துண்டியுங்கள், ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து வையுங்கள். மூடியிருந்தால் காற்று உள்ளே போகாமல் எல்லா எண்களும் பொய்யாகக் குறையும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. எண் எவ்வளவு உயரம் என்பதைவிட எட்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதே முக்கியம். மிகக் குறைந்தது மிக உயர்ந்ததில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. முதல்முறை எனக்கு ஏழு சிலிண்டர்கள் 150க்கும் 160 பிஎஸ்ஐக்கும் இடையில் நின்றன. ஒன்று மட்டும் 105. அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். எண் அசையவில்லை. உயர்ந்திருந்தால் பிஸ்டன் ரிங் என்று அர்த்தம். உயராவிட்டால் பெரும்பாலும் வால்வு. அருகருகே உள்ள இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் முதலில் அவற்றுக்கு இடையே உள்ள ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

அடுத்து வேக்குவம் மீட்டர். இதைவிட அதிகம் பேசும் கருவி இந்த வேலையில் இல்லை. இன்டேக் மேனிஃபோல்டில் இணைத்து ஐடிலிங்கில் பாருங்கள். நலமான, நிறுவனம் போட்ட கேமே உள்ள இன்ஜின் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை அசையாமல் காட்டும். முள் நிலையாக, ஆனால் தாழ்வாக நின்றால் டைமிங் (பிளக்கில் தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கலாம், அல்லது எங்கோ காற்று ஒழுகுகிறது. தாளம் தவறாமல் ஒரு துடிப்பு கீழே விழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. மெதுவாக இப்படியும் அப்படியும் மிதந்தால் பெட்ரோல் கலவை. வேகம் ஏறும்போது முள் வெறிபிடித்தாற்போல் ஆடினால் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. வேகத்தைப் பிடித்து வைத்திருக்கையில் முள் மெல்லமெல்லச் சரிந்துகொண்டே போனால் புகைபோக்கும் குழாயில் அடைப்பு.

டைமிங் குறியே தவறாக இருந்தால்

என் டிரக் ஏற்றத்தில் தட்டியது. ஆணிப்பெட்டியைக் குலுக்கினால் வருமே, அப்படி ஒரு கிலுகிலுப்பு. சூடாக இருக்கும்போது சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் பாதிச் சுற்றில் திணறி உதைத்தது. டைமிங் லைட் வைத்துப் பார்த்தேன்: பிஸ்டன் உச்சியைத் தொட 10 டிகிரி முன் தீப்பொறி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே கலவைதான் என்று முடிவுகட்டி, கார்புரேட்டரில் ஜெட் மேல் ஜெட்டாக மாற்றினேன். இரண்டு மாதம். பெட்ரோல் செலவு கூடியதுதான் மிச்சம்.

கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையில் இருக்கும் பாலன்சர் இரண்டு துண்டு: உள்ளே ஒரு மையம், வெளியே கனமான வளையம், நடுவில் ஒட்டிய ரப்பர். ஐம்பது ஆண்டுகளில் அந்த ரப்பர் பிடிப்பை இழந்து வெளிவளையம் நழுவுகிறது. டைமிங் கோடு இருப்பதோ அந்த வெளிவளையத்தில். அச்சில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதற்காக வைக்கும் குறியே நகர்ந்துவிட்டால் இயந்திரத்தை என்னதான் திருகினாலும் படம் சேராது. இது அதே கதைதான். போதாததற்கு, பல ஆண்டுகளாக உதிரிபாகங்கள் மாறிமாறிப் பூட்டப்பட்ட இன்ஜின்களில் ஒரு காலத்து பாலன்சரும் வேறு காலத்து அளவுத் தகடும் ஜோடி சேர்ந்திருக்கும். அப்போதும் குறி பொய் சொல்லும்.

எனவே முதலாம் சிலிண்டரின் உண்மையான மேல் முட்டும் புள்ளியை நீங்களே கண்டுபிடியுங்கள். பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, எல்லா பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். பிஸ்டன் கீழே இருக்கும் நிலையில், முதலாம் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் என்ற திருகுக் கம்பியைப் பொருத்துங்கள். செவ்ரோலேயில் அது ஓட்டுநர் பக்கத்தில் (இந்த டிரக்குகளில் இடப்பக்கம்) முன்னால் உள்ள சிலிண்டர். கிராங்க் போல்டில் ஸ்பேனரை மாட்டி, கையால் மெதுவாக, பிஸ்டன் கம்பியில் வந்து தொடும்வரை திருப்புங்கள். தகட்டின் பூஜ்யத்துக்கு நேரே பாலன்சரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இப்போது எதிர்த்திசையில் திருப்புங்கள், மறுபடி தொடும், இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் சரி நடுவே இருப்பதுதான் உண்மையான பூஜ்யம். எதிர்த்திசையில் திருப்பும்போது போல்ட் தளரத் தொடங்கினால் நிறுத்திவிட்டு ஃபிளைவீல் பல்லைப் பிடித்துத் திருப்புங்கள். கம்பி உள்ளே இருக்கையில் எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். பிஸ்டனில் ஓட்டை விழும்.

அன்று என் அக்கா மகன் மேலிருந்து விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு கோட்டுக்கும் நடுவே அளவுநாடாவை வைத்து நான் புதுக்கோடு போட்டதும் எட்டிப் பார்த்தான். பழைய கோடு கட்டைவிரல் அகலம் தள்ளி இருந்தது. "மாமா, இத்தனை நாளும் நாம் எதை அளந்துகொண்டிருந்தோம்?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. 12 டிகிரி பிழை. லைட்டில் 34 என்று தெரிந்தபோதெல்லாம் இன்ஜின் 46இல் எரிந்துகொண்டிருந்தது.

நழுவிய பாலன்சரில் புதுக்கோடு போட்டு ஓட்டாதீர்கள். நழுவியது இன்னும் நழுவும். மாற்றிவிடுங்கள். புதியதிலும் பிஸ்டன் ஸ்டாப் வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

இனி டைமிங் வைப்பது. ஐடிலிங்கில் இருக்கும் எண்ணைவிட, வேகம் கூடக்கூடத் தானாகக் கூடும் முன்னேற்றம் முழுவதும் சேர்ந்த பிறகு வரும் மொத்த எண்தான் இன்ஜினைக் காப்பதும் கெடுப்பதும். டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் கருவி) வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, வேகத்தை 3,000 ஆர்பிஎம் அளவுக்கு ஏற்றுங்கள். குறி மேலும் நகராமல் நிற்கும் இடத்தில் 34 முதல் 36 டிகிரி இருக்கட்டும். வோர்டெக் போன்ற பிற்கால ஹெட்கள் வேகமாக எரிப்பவை. அவற்றுக்கு 32 முதல் 34 போதும். தகட்டில் அவ்வளவு எண்கள் இருக்காது. அதற்குக் காசு கொடுத்து ஸ்டிக்கர் வாங்கத் தேவையில்லை: 8 அங்குல பாலன்சரின் விளிம்பில் ஒரு டிகிரி 1.77 மில்லிமீட்டர். பூஜ்யக் கோட்டிலிருந்து, முன்னால் நின்று பார்க்கையில் கடிகாரச் சுற்றில் 64 மில்லிமீட்டர் அளந்து ஒரு கோடு போட்டால் அதுதான் 36 டிகிரி. பாலன்சர் 6.75 அங்குலமாக இருந்தால் 54 மில்லிமீட்டர். அந்தக் கோடு தகட்டின் பூஜ்யத்துக்கு நேரே வரும்வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்குங்கள். இந்த இன்ஜினில் ரோட்டர் கடிகாரச் சுற்றில் ஓடுவதால் உடலை எதிர்ச்சுற்றில் திருப்பினால் டைமிங் முன்னேறும்.

பிறகு வேக்குவம் குழாயைத் திரும்ப மாட்டுங்கள். பந்தயக்காரர்களைப் பார்த்து அதைக் கழற்றி எறிபவர்கள் உண்டு. சாலையில் ஓடும் டிரக்குக்கு அது வேண்டும். மிதமாக ஓட்டும்போது மெலிந்த கலவை மெதுவாக எரியும். அதற்கு முன்கூட்டியே தீ வைக்கும் கூடுதல் 10, 12 டிகிரியை இந்தக் குழாய்தான் தருகிறது. அது இல்லாவிட்டால் பெட்ரோலும் வீண், இன்ஜினும் சூடு.

கார்புரேட்டர்மேல் பழி, தவறு மின்சாரத்தில்

இன்ஜின் திணறினால் நம் கை தானாகக் கார்புரேட்டருக்குப் போகிறது, ஏனென்றால் மேலேயே திருகுகளோடு இருப்பது அதுதான். என் நோட்டை எண்ணிப் பார்த்தேன்: "கார்புரேட்டர்?" என்று கேள்விக்குறி போட்டுத் தொடங்கிய பதினொரு பக்கங்களில் ஏழு கடைசியில் இக்னிஷனில் முடிந்திருக்கின்றன.

அவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய டிரக்கில் இதை ஏறத்தாழ எல்லோரும் ஒருமுறை செய்கிறார்கள். பாயின்ட் (இயந்திர சுவிட்ச்) வைத்த டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, 1970களின் நடுவில் வந்த எச்.இ.ஐ. என்ற மின்னணு டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தினேன். ஒற்றை வயர், ஐந்து நிமிட வேலை. முதல் திருப்பலிலேயே ஸ்டார்ட் ஆனது. தெருமுனைவரை அருமை. பெரிய சாலையில் மிதித்தால் பெட்ரோல் தீர்ந்தது போல் விட்டுவிட்டு இழுத்தது. பெட்ரோல் பம்பை மாற்றினேன். ஃபில்டரை மாற்றினேன். கடைசியில் மல்ட்டிமீட்டரை எடுத்து, இன்ஜின் ஓடும்போதே டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் மின்னழுத்தத்தைப் பார்த்தேன்: 8.6 வோல்ட்.

பாயின்ட் எரிந்துபோகாமல் இருக்க அந்தக் காலத்தில் ஒரு மின்தடை வயர் வைத்தார்கள். துணி சுற்றியிருக்கும், பார்த்தால் சாதாரண வயர்தான். ஸ்டார்ட் செய்யும் நொடியில் மட்டும் ஸ்டார்ட்டர் சொலினாய்டிலிருந்து வேறு வழியாக முழு வோல்ட் போகும். அதனால்தான் ஸ்டார்ட் ஆகும்போது குறையே தெரியாது. எச்.இ.ஐ.க்கு எப்போதும் பாட்டரியின் முழு மின்னழுத்தம் வேண்டும். ஃபியூஸ் பெட்டியில், சாவியின் ஓடும் நிலையிலும் ஸ்டார்ட் நிலையிலும் உயிரோடு இருக்கும் முனையிலிருந்து தடிமனான புது வயர் இழுங்கள். பிளக் இடைவெளியை பாயின்ட் காலத்து 0.035 அங்குலத்திலிருந்து 0.045க்குக் கூட்டுங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையையும் அப்படியே பாருங்கள். துருப்பிடித்த ஒரு பட்டை எத்தனை விதமான நோய்களாக நடிக்கும் என்று சொல்லி மாளாது.

பிளக் வயர்களின் வரிசை 1-8-4-3-6-5-7-2. இதில் 5உம் 7உம் ஓட்டுநர் பக்கத்தில் அடுத்தடுத்த சிலிண்டர்கள். எரிவதும் ஒன்றன்பின் ஒன்று. இரண்டு வயர்களும் ஒட்டியபடி நீளத்துக்கும் ஓடினால் ஐந்தின் மின்சாரம் ஏழுக்குத் தாவி, பிஸ்டன் மேலே ஏறிவருவதற்குள் அங்கே தீ வைத்துவிடும். பிரித்து ஓட்டுங்கள், கடக்க வேண்டியிருந்தால் குறுக்காகக் கடக்கட்டும். ஃபோர்டில் எண்ணும் முறையே வேறு: 1 முதல் 4 வரை பயணி பக்கம், 5 முதல் 8 வரை ஓட்டுநர் பக்கம். ஃபோர்டின் எஃப்-100 பிக்கப்பில் வரும் 302, 390 இன்ஜின்களுக்கு வரிசை 1-5-4-2-6-3-7-8. 351 விண்ட்சருக்கு 1-3-7-2-6-5-4-8. ரோட்டரும் எதிர்ச்சுற்றில் ஓடும். 302இல் கற்ற பழக்கத்தில் 351க்கு வயர் மாட்டி, கார்புரேட்டர் வழியாக வெடிச்சத்தம் கேட்டவர்கள் ஏராளம்.

கேமும் ஹெட்டும்

பெரிய கேம் போட்டால் ஐடிலிங்கில் வரும் குதிரை ஓட்டச் சத்தம் காதுக்கு இனியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏறக்குறைய 1,800 கிலோ எடையுள்ள டிரக், பழைய டார்க் கன்வெர்ட்டர், 3.07 விகிதப் பின் ஆக்சில் இவற்றோடு அது சேர்ந்தால் 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டிரக் தூங்கும். 0.050 அங்குல உயர்வில் அளந்த டியூரேஷன் (வால்வைத் திறந்து வைத்திருக்கும் கால அளவு) 210 முதல் 224 டிகிரிவரை உள்ள கேமே சாலை டிரக்குக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. 230ஐத் தாண்டினால் உயர்ந்த ஸ்டால் கன்வெர்ட்டரும் 3.73 அல்லது அதற்கு மேற்பட்ட ஆக்சிலும் சேர்ந்தே வர வேண்டும். பிரேக் பூஸ்டருக்கும் வேக்குவம் போதாமல் போகலாம். ஒரு பாகத்தை மட்டும் பெரிதாக்கி மற்றதை விட்டுவைப்பதுதான் பணத்தைக் கரைக்கும் எளிய வழி. பழைய விளம்பர எண்களைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 1971வரை அமெரிக்க நிறுவனங்கள் முன்னிறுத்தியது மின்விசிறி, சைலன்சர் எதுவும் இல்லாமல் மேசையில் வைத்து அளந்த குதிரைத்திறன். 1972இலிருந்துதான் எல்லாவற்றையும் பூட்டி அளந்த எண்.

ஹெட் மாற்றுவதென்றால் 1996 முதல் டிரக்குகளில் வந்த வோர்டெக் இரும்பு ஹெட் செலவுக்கேற்ற பலன் தருவது. எரியறை 64 கன சென்டிமீட்டர். 1970களின் பல ஹெட்களில் அது 76. ஆக கம்ப்ரெஷனும் உயரும், காற்றோட்டமும் உயரும். ஆனால் இன்டேக் மேனிஃபோல்டின் போல்ட் அமைப்பு வேறு (பழையது 12, இது 8). ராக்கர் ஆர்மும் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) வால்வு மூடியும்கூட வேறு. வால்வு ஸ்பிரிங்கின் மேல்தட்டு கீழே உள்ள சீலில் இடிக்காமல் எவ்வளவு இறங்கும் என்று நீங்களே அளந்து பாருங்கள். மாற்றம் செய்யாத ஹெட்டில் 0.470 அங்குலத்துக்கு மேல் உயர்த்தும் கேம் ஆபத்து. ஹெட் போல்ட்கள் பல தண்ணீர் அறைக்குள் நுழைபவை. திருகில் சீலண்ட் பூசாமல் இறுக்கினால் தண்ணீர் திருகு வழியே ஏறி வரும்.

இப்போது என் இரண்டாவது பிரிப்புக்கு வருகிறேன். உருளை இல்லாத, தட்டையான அடிப்பாகம் உள்ள லிஃப்டர் (கேம் மேட்டின்மேல் நின்று ஏறி இறங்கும் துண்டு) கொண்ட கேமுக்கு முதல் அரைமணி நேரம்தான் ஆயுளைத் தீர்மானிப்பது. கேமின் மேடு லேசாகச் சாய்ந்தும், லிஃப்டரின் அடி லேசாகக் குவிந்தும் கடையப்பட்டிருக்கும். அதனால் லிஃப்டர் சுழன்றுகொண்டே ஏறி இறங்கும். இரண்டும் ஒன்றோடு ஒன்று பழகும்வரை எண்ணெய் வேகமாகத் தெறித்துக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் தெறிப்பது கிராங்க் சுழலும் வேகத்தால். ஐடிலிங்கில் அது போதாது.

எனக்கு அது தெரியும். தெரிந்தும், கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்ற மறந்து, டைமிங்கையும் குத்துமதிப்பாக வைத்துவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினேன். பத்து நிமிடம் விட்டுவிட்டுச் சுற்றிய பிறகே இன்ஜின் பிடித்தது. அதற்குள் மேடுகளில் பூசிய பசை துடைக்கப்பட்டுவிட்டது. இரண்டு வாரம் கழித்து கார்புரேட்டருக்குள் "பொப், பொப்" என்று தும்மல். வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அக்கா மகனைக் கொண்டு கிராங்கைச் சுற்ற வைத்தேன். மற்ற ராக்கர்கள் எல்லாம் தலையாட்டின; மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் ராக்கர் மட்டும் சம்மதமில்லாதவன்போல் ஒரு நூல் அசைந்து நின்றது. புகை வெளியே போக வழியில்லாமல், இன்டேக் வால்வு திறக்கும்போது மேலே திரும்பி வந்திருக்கிறது. ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்தேன். மடிப்புகளுக்கு நடுவே வெள்ளிப்பொடி தூவியது போல மினுங்கல். அந்த இரும்புத்தூள் எல்லா பேரிங்குக்கும் போயிருக்கும். கேமை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது. முழுதாகப் பிரித்துக் கழுவினேன்.

ஆகவே ஒழுங்கு இது. மேடுகளிலும் லிஃப்டர் அடியிலும் கேம் பசையைத் தாராளமாகப் பூசுங்கள். துத்தநாகமும் பாஸ்பரஸும் அதிகம் உள்ள, பழக்கும் காலத்துக்கென்றே செய்த ஆயிலை ஊற்றுங்கள். இன்றைய கார் ஆயில்களில் வினையூக்கி மாற்றியைக் காப்பதற்காக அந்தச் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். இரட்டை வால்வு ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றுங்கள்: செவ்ரோலேக்குக் கடிகாரச் சுற்று, ஃபோர்டுக்கு எதிர்ச்சுற்று. வெறும் கம்பி போதாது. டிஸ்ட்ரிபியூட்டரின் உடல்தான் அங்கே உள்ள ஆயில் பாதையின் ஒரு சுவர். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றின் பல்சக்கரத்தைக் கழற்றி அதையே கருவியாக்கிக்கொள்ளுங்கள். இடையிடையே கிராங்கைத் திருப்பி, பதினாறு ராக்கரிலும் ஆயில் வரும்வரை விடாதீர்கள்.

டேப்பெட் வைக்க, அதாவது ராக்கர் நட்டின் இறுக்கத்தைச் சரிசெய்ய, ஒரு எளிய முறை: ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது அதன் இன்டேக்கைச் சரிசெய்யுங்கள், இன்டேக் திறந்து ஏறக்குறைய மூடி வரும்போது எக்ஸாஸ்டை. புஷ்ராடை (லிஃப்டருக்கும் ராக்கருக்கும் இடையே உள்ள கம்பி) மேலும் கீழும் அசைத்தபடி நட்டை இறுக்குங்கள். ஆட்டம் நின்ற இடமே பூஜ்யம். அதற்குமேல் அரைச் சுற்று. விரலால் புஷ்ராடைச் சுழற்றிப் பார்த்துப் பூஜ்யம் தேடச் சொல்பவர்கள் உண்டு. எண்ணெய் வழுக்கலில் அது ஏமாற்றும், நான் ஏமாந்திருக்கிறேன்.

கிண்ணத்தில் பெட்ரோல், ரேடியேட்டரில் தண்ணீர், டைமிங் சரி. முதல் திருப்பலிலேயே பிடிக்க வேண்டும். பிடித்ததும் நேராக 2,000 ஆர்பிஎம். 20 முதல் 30 நிமிடம் 2,000க்கும் 2,500க்கும் இடையே ஏற்றி இறக்குங்கள். எங்காவது ஒழுகினால் ஐடிலிங்கில் விட்டுப் பார்க்காதீர்கள். அணைத்துச் சரிசெய்து, மறுபடி நேராக 2,000. முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

கார்புரேட்டர், கடைசியாக

அளவுக்கு மிஞ்சிய கார்புரேட்டர் எத்தனை டிரக்கில் உட்கார்ந்திருக்கிறது! கணக்கு எளிது: கன அங்குலத்தை உச்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3,456ஆல் வகுங்கள். 350, 5,500 என்றால் நிமிடத்துக்கு 557 கன அடி காற்று. சாலை இன்ஜின் சிலிண்டரை முழுதாக நிரப்புவதில்லை. 85 சதவீதம் என்றால் 473. ஆக 600 கன அடி கார்புரேட்டரே தாராளம்.

பெட்ரோல் அழுத்தம் 5 முதல் 7 பிஎஸ்ஐ. இயந்திர பம்பில் அழுத்தம் குறைந்தால் பம்பை மாற்றும் முன் அதைத் தள்ளும் கம்பியை எடுத்து அளந்து பாருங்கள், புதியது 5.75 அங்குலம், தேய்ந்தால் குட்டையாகும். ஹோலி நிறுவனக் கார்புரேட்டரின் பழைய வகையில் கிண்ணத்தின் பக்கத்துத் திருகைக் கழற்றினால் பெட்ரோல் துளையின் கீழ்விளிம்பில் நிற்க வேண்டும். கலவைத் திருகுகள் இரண்டையும் ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்கி, வேக்குவம் முள் உச்சம் தொடும் இடத்தில் விடுங்கள்.

பெரிய கேமோடு ஒரு தனிச் சிக்கல் வரும்: கலவைத் திருகை முழுக்க மூடினாலும் இன்ஜின் சட்டை செய்யாது. ஐடிலிங் திருகை அதிகம் திறந்ததால் திராட்டில் தட்டு, பக்கத்தில் உள்ள நீண்ட பிளவைத் திறந்துவிட்டு அதன் வழியாகப் பெட்ரோல் வருகிறது என்று பொருள். கார்புரேட்டரைக் கவிழ்த்துப் பார்த்தால் அந்தப் பிளவு சிறு சதுரமாக மட்டுமே தெரிய வேண்டும். ஐடிலிங் டைமிங்கைச் சில டிகிரி கூட்டுங்கள், ஆனால் மொத்தம் கூடாமல் டிஸ்ட்ரிபியூட்டரின் உள் முன்னேற்றத்தைக் குறைத்துவிட்டு. போதாவிட்டால் இரண்டாம் தட்டுகளை அவற்றின் சொந்தத் திருகால் ஒரு மயிரிழை திறவுங்கள்.

பளு கூடும்போது கூடுதல் பெட்ரோல் விடும் பவர் வால்வின் மேல் ஒரு எண் இருக்கும். 65 என்றால் 6.5 அங்குல வேக்குவத்தில் திறக்கும். ஐடிலிங் வேக்குவத்தில் ஏறக்குறைய பாதி இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். கியரில் 9 அங்குலம்தான் வருகிறது என்றால் 45. மாற்றாமல் விட்டால் சும்மா நிற்கும்போதே கூடுதல் பெட்ரோல் ஊற்றி பிளக்கைக் கரியாக்கும். திடீரென மிதித்தால் ஒரு நொடி செத்துப் பிழைக்கிறதா? ஆக்சிலரேட்டர் பம்ப். இன்ஜினை அணைத்துவிட்டு மேலிருந்து பார்த்தபடி லீவரை அசையுங்கள். தொட்ட அதே கணத்தில் பெட்ரோல் பீச்ச வேண்டும்.

சூடும் ஒழுக்கும்

நெரிசலில் மட்டும் சூடானால் காற்றோட்டம்: மின்விசிறியைச் சுற்றிய கூண்டு இருக்கிறதா, டைமிங் பின்தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வேகமாகப் போகையில் மட்டும் சூடானால் தண்ணீரோட்டம்: அடைத்த ரேடியேட்டர், அல்லது உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ். சூடானபின் ஸ்டார்ட்டர் மட்டும் சோர்ந்தால், பக்கத்தில் ஓடும் ஹெடர் குழாயின் வெப்பம். இடையில் ஒரு தகட்டுத் தடுப்பு வையுங்கள்.

இன்டேக் மேனிஃபோல்டின் முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு குறுக்கு விளிம்புகளுக்குப் பெட்டியோடு வரும் கார்க் துண்டுகளைத் தூர எறியுங்கள். இறுக்கும்போது பிதுங்கி வெளியே வந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு சிலிக்கான் பசையை ஒரு விரல் கனத்துக்கு வரியாகப் போடுங்கள். உள்பக்க கேஸ்கெட்டில் காற்று ஒழுகினால் வெளியே எந்தச் சோதனைக்கும் சிக்காது. புகை மட்டும் நீலமாக வரும். பி.சி.வி. வால்வை (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் வால்வு) கழற்றி இரண்டு துளைகளையும் அடைத்துவிட்டு, ஆயில் ஊற்றும் வாயை உள்ளங்கையால் மூடுங்கள். கையை உள்ளே இழுத்தால் அதுதான்.

பின்பக்கம் ஆயில் சொட்டினால் எல்லோரும் கிராங்கின் பின் சீல் என்பார்கள். 1985வரை வந்த இன்ஜின்களில் அது இரண்டு துண்டு, ஒழுகுவதும் உண்மைதான். நானும் அப்படியே நம்பி, கியர்பாக்ஸை இறக்க ஜாக்கைக்கூட அடியில் தள்ளிவிட்டேன். இறக்குமுன் இன்ஜினின் பின்புறத்தை பெட்ரோலால் கழுவிக் காயவைத்து, மாவு தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன். மேலே, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயில் அழுத்த சென்சாரின் கழுத்திலிருந்து ஒரு கோடு மாவை நனைத்துக்கொண்டே கீழே இறங்கியிருந்தது. புது சென்சாரைத் திருகிப் பூட்ட ஆன நேரம், அந்த ஜாக்கை வெளியே இழுக்க ஆன நேரத்தைவிடக் குறைவு.